ஒரு மாத்திரை, இரண்டு பேர்

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு, சுடர்விழி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் பிரஷர் நலமா என்பதுதான் கேள்வி.

கிராமத்து மக்கள் பிரஷர் மாத்திரையை ஏன் ஒழுங்காகப் போடுவதில்லை என்ற என் ஆராய்ச்சியால் யாருக்குப் பலன் என்று பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள். நானூறு கட்டுரைகள் என்னை மேற்கோள் காட்டுகின்றன என்றேன். மாத்திரையை ஒழுங்காகப் போடும் ஓர் ஆளைக் காட்டு என்றார்கள். விராலிமலையில் டீக்கடை வைத்திருக்கும் உங்கள் பெயரை அவர்கள் கொடுத்த படிவத்தில் பெருமையாக எழுதிவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன்.

"ஒங்கப்பாவா? அய்யாக்கண்ணு மாமாவுக்கு மாத்திரை தீந்துபோச்சுன்னு, ஒரு டீயை ரெண்டாப் போடுற மாதிரி தெனமும் ஆளுக்குப் பாதியா உடைச்சுப் போட்டுக்கிறாங்க."

உங்கள் பெயரை அடித்துவிட்டேன்.

மாமாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, அவருக்கென்று மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் முழு மாத்திரை போட்டதும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள். அப்படியே "சாப்ட்டியா" என்று கேட்டுவிடுங்கள். இங்கே அதைக் கேட்க ஆளில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொடுக்க வேண்டும். 'பலன் பெற்றவர்கள் எத்தனை பேர்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களும் மாமாவும் மனசு வைத்தால் இரண்டு என்று எழுதுவேன்.

உங்கள் மகள்,
சுடர்விழி