நாலு நாள் என்று சொன்னவளுக்கு

காலையில் பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு செம்பில் சீம்பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். விடியும்போது அவர் பசு கன்று போட்டதாம். மூடியை எடுத்ததும் அந்தப் பச்சை வாடை. எனக்குக் குடிக்க மனம் வரவில்லை. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோதும் உனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த வருஷம். நான் மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கியிருந்தேன். திரும்பி மலைமேல் எடப்புளி நாட்டுக்கு ஏறி வருவதற்குள் நம் பெண் காய்ச்சலில் போய்விட்டாள். ஒன்றரை வயது. நான் கேட்ட முதல் வார்த்தை, "நீ என்னத்தப் பார்த்துக்கிட்டு இருந்த?" என்பதுதான். நீ பதில் சொல்லவில்லை. அழவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, "என்னைய அம்மா ஊட்டுல உட்டுருங்க. இனி இங்க முடியாதுங்க" என்றாய். சரி என்றேன். தடுக்கக்கூடத் தெம்பில்லை.

உன் அம்மா ஊரான முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும் பாதையில் நீ முன்னால், துணி மூட்டையோடு நான் பின்னால். ஒரு வளைவில் எருமை ஒன்று பாதையை அடைத்துப் படுத்திருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நான் கல்லை எடுத்தேன்.

"வேண்டாங்க. அதுவா எந்திரிக்கும்."

ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்தோம். அது அசைபோட்டபடி நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தது. இன்னும் கீழே, சாமைக் காட்டு ஓரம், ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு குறுக்கே ஓடியது. பின்தங்கிய குட்டி உன் காலில் மோதிக் கத்தியது. அது தாயைச் சேரும்வரை நின்று பார்த்தாய். நான் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

அடிவாரம் நெருங்கும்போது முனகல் கேட்டது. புதருக்குப் பின்னால் ஒரு செவலைப் பசு கிடந்தது. கன்றின் முன்னங்கால் ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. ஊருக்குள் போய் ஆள் கூட்டி வரலாம் என்றேன்.

"அதுக்குள்ள செத்துப்போயிருமுங்க."

சேலையை இழுத்துச் செருகி மண்டியிட்டாய். கையை உள்ளே விட்டு, மடங்கியிருந்த மற்றக் காலைத் தேடி எடுத்தாய். "அது முக்கறப்ப மட்டும் இழுங்க" என்றாய். இழுத்தோம். கன்று வந்து விழுந்தது, மூச்சில்லை. அதன் வாயை விரலால் வழித்தாய், மூக்கில் புல்லை விட்டாய், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். "போதும் புள்ள" என்றேன். நீ விடவில்லை. கன்று தும்மியது.

அப்போதுதான் அழுதாய். பசு எழுந்து கன்றை நக்கத் தொடங்கிய பிறகும் அழுதாய். உன் முதுகில் கை வைத்தேன். நீ தட்டிவிடவில்லை.

பசுவைத் தேடிக்கொண்டு வந்த பெண்ணுக்குப் பார்த்ததுமே எல்லாம் புரிந்துவிட்டது. தன் முந்தானையாலேயே உன் கையைத் துடைத்தாள். "உனக்கு எத்தன புள்ளைங்க கண்ணு?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணு இருந்தாளுங்க. காய்ச்சல்ல போயிட்டா. ரெண்டு நாளும் மடிய உட்டு எறக்கவே இல்லைங்க நான்."

நான் அன்றைக்குக் கேட்டதற்கான பதிலை, யாரோ ஒருத்தியிடம் சொல்லி என்னைக் கேட்க வைத்தாய்.

அவள் உன் மற்றக் கையையும் எடுத்துத் துடைத்தாள். பிறகு, "இப்ப எங்க கண்ணு போற?" என்றாள்.

"அம்மா ஊட்டுக்குங்க. நாலு நாள் இருந்துட்டு வந்துருவேன்."

மூட்டையில் உன் துணி மொத்தமும் இருந்தது. உன் அம்மா வீட்டு வாசலில் அதை இறக்கி வைத்துவிட்டுத் தனியாக மலையேறினேன்.

நாலு நாள் போனது, எட்டு நாள் போனது. தினமும் போகலாமென்று நினைத்தேன். வெட்கமோ அசதியோ, காட்டில் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் மூட்டையோடு நீயே வந்து நின்றாய். கால் வீங்கியிருந்தது. "கஞ்சி இருக்குங்களா?" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நமக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சேர்ந்து உழைத்தோம், குறையொன்றுமில்லை. கடைசியில் உன்னையும் அதே காய்ச்சல்தான் கொண்டுபோனது.

இப்போதும் அந்தப் பாதையில் ஏறும்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது. நீ அந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இத்தனை ஏற்றத்தையும் ஒற்றையாக ஏறி வந்தாய். நான் பாதி வழியாவது எதிரே இறங்கி வந்திருக்கலாம்.