குச்சி நின்ற இடம்

ஜூன் 6

என்னங்க,

நான் இங்கே சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்பது இதற்கு வரும் பதிலைப் பார்த்தால்தான் தெரியும்.

நிலக்கரிச் சுரங்கத்து வேலைக்குக் கிளம்பும்போது, "ஒரு ரோடு போடணும், முடிஞ்சதும் வந்துடுவேன்" என்றீர்கள். வருஷம் திரும்பிவிட்டது. இன்னும் ரோடு, ரோடு என்றுதான் எழுதுகிறீர்கள். உலகத்தில் ரோடு போடுகிறவர்கள் எல்லாம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். உங்களுக்கு மட்டும் என்ன தீராத ரோடு? யாருக்குக் காது குத்துகிறீர்கள்?

வாசல் மரத்துக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தீர்கள். துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்து அளந்தேன். ஒரு கயிறு நீளம், கொஞ்சம் கூட. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூட இத்தனை வருஷமாகக் கேட்காத மனுஷனுக்கு எங்கிருந்து வந்தது இந்த அக்கறை?

அக்கா வந்திருந்தாள். "வருஷம் பூரா ரோடு போடுறாராக்கும்? எதுக்கும் நல்லா விசாரிச்சுக்கோ" என்றாள். அவள் எதிரில் சிரித்துவைத்தேன். அவள் போனபிறகு சிரிப்பு வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
(இன்றைய தேதிக்கு நான் ஒருத்திதான் என்ற நம்பிக்கையில்)


ஜூன் 15

அன்புள்ள சந்தேகப் பிராணிக்கு,

இது ஊர் ரோடு இல்லை. பள்ளம் ஆழமாகப் போகப் போக ரோடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று போட்டதை நாளைக்கு நாங்களே வெட்டி எடுப்போம், அதற்கு அடியிலும் கரி இருக்கிறதே! வீடு உயரம் இருக்கும் டம்பர் லாரிகள் சுமையோடு பள்ளத்திலிருந்து மேலே ஏறும். கல் கிடந்தால் டயர் கிழியும், குழி விழுந்தால் டிரைவர் இடுப்பு போகும். அதனால் கிரேடர் வண்டியின் அடியில் இருக்கிற நீளக் கத்தியை இறக்கி நாள் பூரா ரோட்டைச் சுரண்டிச் சமன் செய்வதுதான் என் வேலை. நீ வாசல் பெருக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள். பெருக்கியாயிற்று, கிளம்பு என்று உன்னை யாராவது அனுப்புகிறார்களா?

இப்போது வளைவு வேலை. வளைவு என்றால் சட்டென்று திருப்பக்கூடாது, சுமை சாய்ந்துவிடும். தூரத்திலேயே ஆரம்பித்து, அகலமாக, மெல்லத் திரும்ப வேண்டும். எங்கே திரும்புவது என்று சர்வேயர் குச்சி நட்டுவிட்டுப் போவார். குச்சி நிற்கிற இடத்தில் நான் ஓட்டுவேன். யார் நட்டது, ஏன் நட்டது என்று கேட்பது என் வேலை இல்லை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. கொஞ்ச நாள் அக்கா வீட்டில் போய் இரு. மழைக்காலம், நீ தனியாக இருக்கிறாய். கட்டில், பீரோவையும் எடுத்துக்கொண்டு போ.

உன்,
வீட்டுக்காரன்


ஜூன் 22

என்னங்க,

மழைக்காலத்தில் நான் தனியாக இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்ததா? சரி, நான் போகிறேன். கட்டில் எதற்கு? பீரோ எதற்கு? இங்கே யார் வந்து புதுக் கட்டில் போடப்போகிறார்கள்?

பூசி மெழுக வேண்டாம். அவள் யார்? கேன்டீனில் இருப்பவளா, ஆஸ்பத்திரியில் இருப்பவளா?

போன மாதம் ஒரு நாள் வந்துவிட்டுப் போனீர்களே, அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான். கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர் சட்டையில் பொட்டுக் கரி இல்லை. முழுக்கச் செம்மண். நம் கொல்லையில் இருக்கிற அதே செம்மண். பகல் முழுக்க எங்கே போய்ப் புரண்டீர்கள்?

இந்த வீட்டுச் சுவரை நாம் இரண்டு பேரும்தான் எழுப்பினோம். நான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன், நீங்கள் வைத்தீர்கள். சமையலறை மூலை கோணலாகப் போனது யாரால் என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. எவளுக்காகவும் நான் இங்கிருந்து நகர மாட்டேன்.

இப்படிக்கு,
நான்


ஜூலை 1

அன்புள்ளவளுக்கு,

நீ நினைக்கிற மாதிரி யாரும் இல்லை. உன்மேல் சத்தியம். சட்டையைப் பற்றி நேரில் சொல்கிறேன். இப்போது ஒன்றும் கேட்காதே. தயவுசெய்து அக்கா வீட்டுக்குப் போ.

உன்,
வீட்டுக்காரன்


ஜூலை 9

மரியாதைக்குரிய கிரேடர் டிரைவர் அவர்களுக்கு,

நேற்றுக் காலையில் ஒரு ஆள் கட்டுக் குச்சியோடு வந்தார். சிவப்புத் துணி கட்டிய குச்சிகள். கிணற்றடியில் ஒன்று, சமையலறைக்குப் பின்னால் ஒன்று. என்ன இது என்று கேட்டேன்.

"சுரங்கத்து ரோடும்மா. சுரங்கம் இந்தப் பக்கமா வளருதுல்ல, அந்த மண்ணைக் கொட்டுற இடத்துக்குப் போகுது. ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டுக்காரர்தானே கிரேடர் ஓட்டிக்கிட்டு வர்றாரு? போன வாரம் அதோ அந்த மேட்டுல எங்களோடதான் நின்னாரு. உங்க வீட்டையே பாத்துக்கிட்டு டீ குடிச்சாரு."

அந்த மேட்டில் நின்றால் என் கொடியில் காயும் துணிகூடத் தெரியும். அதுவரை வந்தவர், என்னைப் பார்க்காமல் திரும்பிப் போயிருக்கிறீர்கள். இன்னொருத்தி என்றால் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்திருப்பேன். ஒரு ரோட்டின் எதைப் பிடித்து இழுப்பது? அழுதேன். பிறகு குச்சியைப் பிடித்து இழுத்தேன்.

உங்கள் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தேன். தூரத்திலேயே ஆரம்பித்து, அகலமாக, மெல்ல. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே குச்சிகளை மாற்றி நட்டேன். அக்காவை வரவழைத்தேன்; அவள் எதிரில் நின்று, "இன்னும் தள்ளுடி, இன்னும் தள்ளு" என்று கோடு பார்த்தாள். இப்போது ரோடு மரத்துக்கு அப்பால் தரிசில் வளைந்து, வீட்டைத் தாண்டிப் பழைய கோட்டிலேயே சேர்கிறது. யார் வீடும் குறுக்கே இல்லை. குச்சி சாயாமல் இருக்கச் சுற்றிலும் கல் அடுக்கியிருக்கிறேன்.

நீங்கள் வரும்போது நான் சமையலறையில் இருப்பேன். குச்சி நிற்கிற இடத்தில் ஓட்டுவேன், யார் நட்டது என்று கேட்பது என் வேலை இல்லை என்று எழுதியது நீங்கள்தான். பார்ப்போம்.

வீட்டில் இருப்பவள்


ஆகஸ்ட் 3

அன்புள்ள சர்வேயர் அம்மாவுக்கு,

எந்தச் சர்வேயரும் குச்சியைச் சுற்றிக் கல் அடுக்க மாட்டார். உன் கடிதம் வராமல் இருந்திருந்தாலும் கண்டுபிடித்திருப்பேன். கத்தியை இறக்காமல் கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் சமையலறையில் புகை வந்துகொண்டிருந்தது. அப்புறம் குச்சியைப் பார்த்து ஓட்டினேன்.

சர்வேயர் வந்து பார்ப்பதற்குள் சரளை கொட்டி ரோலர் ஓட்டியாயிற்று. மேனேஜர் குதித்தார். "வரைபடத்துல வளைவே இல்லையேய்யா!" "குச்சி நின்னுச்சு சார், ஓட்டினேன்" என்றேன். டம்பர்க்காரர்கள் பிரேக்கைத் தொடாமல் அந்த வளைவைக் கடப்பதைப் பார்த்துவிட்டு ரோட்டை விட்டுவிட்டார். என்னை விடவில்லை.

மேட்டில் நின்றது நிஜம். சட்டையில் நீ பார்த்த செம்மண்ணும் அந்த மேட்டு மண்தான். வீட்டைத் தொடாமல் மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் ரோடு நுழையுமா என்று கணக்குப் பார்த்தேன், நுழையவில்லை. ரோட்டுப் பாதையை மாற்றச் சொல்லி ஆபீசில் ஒவ்வொருவர் காலிலும் விழுந்துகொண்டிருந்தேன். மாறிவிடும், உனக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். இறங்கி வந்து உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. குச்சியைப் பிடுங்கலாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

இந்த ரோடு எவ்வளவு காலம் அங்கே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. புழுதி வரும். அதை அடக்கத் தண்ணீர் தெளிக்கிற லாரி உன் வளைவில் நாள் பூரா போய்வந்துகொண்டிருக்கும். கிரேடரைப் பிடுங்கிக்கொண்டு என்னை அந்த லாரியில் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து.

சாயங்காலம் உள்ளே வரச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். வளைவில் வண்டி மெதுவாகத்தான் போக வேண்டும், அது விதி. வாசலில் வந்து நின்றால், பக்கத்து சீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று நீயே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

உன்,
தண்ணி லாரிக்காரன்