பெரியக்காவின் படலை

மச்சாள்,

காலையில் மாட்டுக்கு இறுங்குச் சோளம் வெட்டிவிட்டு வந்து, இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் அந்தப் பச்சை வாசம் போகவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கியபோது அதுதான் முதலில் மூக்கில் ஏறியது. பின்னாலேயே நீங்கள் வந்துவிட்டீர்கள். நீங்கள் கண்மூடிய பிறகு இது முதல் வெட்டு. நல்ல வெட்டு. உங்களிடம் சொல்லாமல் எப்படி இருப்பது?

உங்கள் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், அந்த வருடம் சொன்னது நினைவிருக்கிறதா? நெல் அறுத்து முடிந்த கையோடு, சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, "இந்தக் கோடையிலயும் மாடு எலும்பாப் போறதைப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது அக்கா. மாரி மழை வரைக்கும் இருக்கிற தீனி காணாட்டி எல்லாத்தையும் வித்துவிடுவம்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். நீங்களோ மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "காணும். காணப் பண்ணுவம்" என்றீர்கள்.

அறுவடை முடிந்த வயலில் மாட்டுத் தீனி விதைக்கத் துணிந்தோம். துணிவில் ஒன்றாக நின்ற நாங்கள் முறையில் ஒத்துப்போகவில்லை, என்றைக்குத்தான் ஒத்துப்போனோம்? நடுவில் வரம்பு கட்டி வயலைப் பிரித்தோம். உங்கள் பாதியில் இறுங்கை நெல்போல வீசி விதைத்து, வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பாயவிட்டீர்கள். நான் கயிறு பிடித்து நேராகச் சால் கீறி, விதையை அதில் போட்டு மூடி, துளைக் குழாய் இழுத்து வேரடிக்கு மட்டும் தண்ணீர் விட்டேன். "பிள்ளை, நீ தீனி போடுறியோ, பாயில பூ இழைக்கிறியோ?" என்று வரம்பில் நின்று பகிடி பண்ணினீர்கள். கிணறு ஒன்றுதான். உங்கள் பாதி குடித்து முடிய எனக்கு மிஞ்சுவது அடிக்கலங்கல். அதை நான் ஒவ்வொரு நாளும் சொன்னேன். ஒவ்வொரு நாளும் உங்களுக்குக் காது கேட்காமல் போனது.

இறுங்கு இடுப்பளவு வந்து, நாளைக்கு வெட்டலாம் என்றிருந்த நேரத்தில்தான் அது நடந்தது. அறுவடை முடிந்தால் வயல் ஊர் மாட்டுக்கெல்லாம் பொது. வேலிப் படலையைத் திறந்துவிடுவது வழமை. எங்கள் படலையை வருடா வருடம் திறந்துவிட்ட கை உங்களுடையது. அன்று வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கட்ட வேண்டிய படலைக் கயிற்றைப் பழக்கத்தில் அவிழ்த்துத் தூணில் சுற்றிவிட்டு வந்துவிட்டீர்கள். பின்னேரம் போனால், ஊர் மாடெல்லாம் உள்ளே.

பக்கத்துக் காணிக்காரர் உங்கள் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். "படலை திறந்து கிடந்தது பெரியக்கா. வழமைதானே எண்டு மாட்டை விட்டனான்."

"உம்மில என்ன பிழை தம்பி" என்று அவரை அனுப்பிவிட்டு வரம்பில் குந்தி அழுதீர்கள். "என்ர கையாலயே மாட்டை வித்துப்போட்டன் பிள்ளை." நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்குக் கோபம் வந்தது; அதைவிடப் பயம்தான் பெரிதாக வந்தது.

ஆனால் என் சால்கள் சாகவில்லை. விதை ஆழத்தில் விழுந்ததால், மாடு இழுத்தும் வேர் பிடியை விடவில்லை. அடிக்கட்டையில் தளிர் வந்தது. இறுங்கின் இளந்தளிர் மாட்டுக்கு நஞ்சல்லவா? அது உயரும்வரை இருவரும் மாறி மாறிக் காவல் நின்றோம். உங்கள் பாதியில் எல்லாம் வேரோடு போயிருந்தது. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கே கௌபிப் பயறு விதைத்தீர்கள், அதையும் வீசித்தான்! "கொடி நிலத்தை மூடட்டும், ஈரம் நிக்கும்" என்றீர்கள். மூடியது, ஈரமும் நின்றது. என் துளைக் குழாயைக் கேட்டு வாங்கியபோது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் சிரிக்காமல் தந்தேன்.

இறுங்கோடு கௌபிக் கொடியையும் கலந்து போட்டோம். மழை வரைக்கும் தீனி போதுமாகக் கண்டது. உங்கள் தம்பி மாடு விற்கிற பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த வருடம், கௌபி நின்று மண் உரமேறிய உங்கள் பாதியிலும் இறுங்கைச் சாலில் போட்டோம். நெல் நிறுக்கும் தராசில் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் பார்த்தால், உங்கள் பாதி என் பாதியைத் தோற்கடித்துவிட்டது. "இப்ப சொல்லு பிள்ளை" என்று இடுப்பில் கைவைத்து நின்றீர்கள்.

இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். இறுங்குக்குச் சால், கௌபிக்கு வீச்சு, வருடத்துக்கு வருடம் பாதி மாறும். கிணறு கோடையைத் தாங்குகிறது, மாட்டுப் பட்டியும் பெருத்துவிட்டது. யார் வந்து கேட்டாலும் இது சரிவரும் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் பகிடி பண்ண ஆளில்லாத வரம்பு எனக்குப் பிடிக்கவில்லை மச்சாள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் ஒரு வெட்டு இருக்கிறது. அதுவரை படலைக் கயிற்றில் இரட்டை முடிச்சு. அதன் பிறகு, அந்த வருடத்திலிருந்து நீங்கள் செய்துவந்ததுபோல, படலையைத் திறந்து காய்ந்த அடிக்கட்டையை ஊர் மாட்டுக்கு விடுவேன். போன கிழமை பக்கத்துக் காணிக்காரர் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்: "அக்கா, பெரியக்கான்ர படலை இந்த முறையும் திறக்குமோ?"

"ஓம், திறக்கும்" என்றேன். "மாட்டைக் கொண்டு வாங்கோ."