ஒரு பெயர்ப்பலகைக்கு இரண்டு நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? எனக்கு இருமல் போய்விட்டது.

இந்த வாரம் ஒரு வேடிக்கை. நான் நாற்காலி போடுகிற சர்வதேச மாநாட்டு மண்டபத்துக்கு ஒரே நாட்டிலிருந்து இரண்டு கோஷ்டி வந்துவிட்டது. எங்களுடையதுதான் அரசாங்கம் என்று இரண்டுமே சொல்கின்றன. மேசையிலோ ஒரே பெயர்ப்பலகை. போனால் போகிறது என்று அதன் பின்னால் இரண்டு நாற்காலி போட்டேன். "நீ அவங்க ஆளுதானே?" என்று இரண்டு கோஷ்டியும் என்மேல் பாய்ந்தன. மேற்பார்வையாளர் வந்து நாற்காலிகளைத் தூக்கச் சொன்னார். "யார் அனுப்பினாங்கன்னு கையெழுத்துப் போட்ட கடிதம் வரட்டும். அதுவரைக்கும் இடம் காலியாவே இருக்கட்டும்" என்றார். வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை, பயப்படாதீர்கள்.

ஆனால் யார் சொல்வதை நம்புவது என்ற சந்தேகம் என்னையும் தொற்றிக்கொண்டது. "இந்த வருஷம் ஊருக்கு வர வேணாம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்கிறார் அண்ணன். "அம்மா உன்னையேதான் கேட்டுட்டு இருக்காங்க" என்கிறாள் அக்கா. எப்போது போன் செய்தாலும் அண்ணன்தான் எடுக்கிறார், நீங்கள் தூங்குகிறீர்களாம். காலை பதினொரு மணிக்கா? நீங்கள் பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததே இல்லை.

இந்தக் கவர் பிரித்து ஒட்டியதுபோல் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

வா என்றோ வராதே என்றோ உங்கள் கோணல் எழுத்தில் ஒரு வரி போதும், அம்மா. லீவு விண்ணப்பத்தில் தேதியை மட்டும் எழுதாமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் சின்னவன்