நடு ஸ்பீக்கர்

மே 4, ஞாயிறு
இன்றோடு என் டிவி என்னுடையது இல்லை. நைனார்பாளையத்தில் எந்தக் கல்யாணமானாலும் மேடையேறிப் பாடும் என் வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ், கச்சேரியில் மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பெட்டியைத் தூக்கிவந்து எங்கள் ஹோம் தியேட்டரில் சொருகிவிட்டார். ஒத்திகை இனிமேல் இங்கேதானாம். கீபோர்டு வாசிக்கும் தீனதயாளன் ஒயரை மாற்றி மாற்றிக் குத்தினான். முதலில் வந்தது பாட்டு இல்லை, 'உய்ங்' என்று ஓர் ஊளை. பக்கத்து வீட்டு ராணியம்மாள் அக்கா ஓடிவந்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

மே 5
வெள்ளிமலைக் கோயில் திருவிழாவில் பதினெட்டாம் தேதி கச்சேரி. ஒரே ஒரு பாட்டு நானும் பாடுகிறேன் என்று கேட்டேவிட்டேன். "நீயா? மொதல்ல டீயப் போடு" என்றார். தீனா வேறு சிரித்தான். பள்ளிக்கூடத்தில் நான் பாடாத ஆண்டுவிழா உண்டா? இருவருக்கும் சர்க்கரை இல்லாமல் டீ கொடுத்தேன். ஆத்திரம் அடங்கவில்லை.

மே 7
டிவிக்குக் கீழே துடைக்கும்போது நடு ஸ்பீக்கரின் ஒயர் கையோடு வந்துவிட்டது. சீரியலில் மியூசிக் மட்டும் ஓடுகிறது. மாமியாரும் மருமகளும் சத்தமில்லாமல் வாயை அசைத்துச் சண்டை போடுகிறார்கள்! சொருகினால் பேச்சு திரும்ப வருகிறது. அப்படியானால் குரல் எல்லாம் அந்த நடுப்பெட்டி வழியாகத்தானா?
எனக்கு ஒரு யோசனை.

மே 8
ஒத்திகைக்கு முன்னால் அந்த இடத்தை நன்றாகத் 'துடைத்தேன்'. கீபோர்டு முழங்குகிறது, அவர் குரலைக் காணோம்.
"இன்னாடா தீனா, கத்திக்கினே இருக்கேன், ஒண்ணும் வர மாட்டேங்குதே!"
"மைக் போச்சுண்ணா."
உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் புது மைக் வாங்கிவந்தார்கள்.

மே 10
புது மைக், அதே கதை. துடைக்கிற துணியோடு டிவி ஓரம் போய் நின்று, "நான் பாடிப் பாக்கட்டுமாங்க?" என்றேன். ஒயரைச் சொருகிவிட்டுப் பாடினேன். கூடம் நிறைந்தது.
"அண்ணி, செமயா கீது!" என்றான் தீனா.
அவர் மைக்கைப் பிடுங்கிப் பாடினார். நான் மறுபடி துடைத்தேன். குரலைக் காணோம்.
"இதுக்கு என் கொரல்தான் புடிச்சிருக்கு போல" என்றேன். சிரிப்பை அடக்கி அடக்கி விக்கல் வந்துவிட்டது.

மே 11
குளிக்கும்போதுகூட அவர் பாடவில்லை.

மே 12
வம்பு முற்றிவிட்டது. வேறு குழுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் திருவிழாக்காரர்களுக்குப் போன் போடப் போனார். "மைக்கு நல்லாத்தான் இருக்கு மதி. என் தொண்டதான் போய்க்கினு இருக்கு." முகம் வாடிக் கிடந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. கூடவே பயம் — அவர் போகாவிட்டால் எனக்கு ஏது மேடை? கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒயரைக் காட்டினேன். உருவினேன். சொருகினேன்.
சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நாலு திட்டு திட்டியிருக்கலாம்ல?

மே 14
"வெள்ளிமலைக்கு நீயும் கெளம்பு. ஒரு பாட்டு பாடு." சிரித்த முகம், கோபமே இல்லை. ஏன் இல்லை?

மே 19
நேற்று மலைப்பாதை வளைவு முழுக்க, பஸ்ஸில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனேன். மேடையில் ஆள் உயரப் பெட்டிகள். அவர் கணீரென்று பாடி முடித்து, "அடுத்து எங்க வூட்டு எழில்மதி" என்று மைக்கைக் கொடுத்தார். பல்லவி நன்றாகப் போனது. சரணத்துக்கு வாயைத் திறக்கிறேன், குரலைக் காணோம்! திரும்பினால், மிக்ஸர்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக நிற்கிறார்.
மைக்தான் செத்துவிட்டதே என்று, "வூட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு!" என்று கத்தினேன். சரியாக அப்போது அந்த விரலால் என் மைக் சத்தத்தை ஏற்றிவிட்டார்.
வெள்ளிமலையே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்தபடியே மீதிப் பாட்டைப் பாடினேன். கைதட்டல் ஓயவே இல்லை.
இன்று காலை சின்னசேலத்துக் கல்யாண வீட்டிலிருந்து அவருக்குப் போன். 'இருக்கு உங்களுக்கு' என்ற அம்மாவும் வருவார்களா என்று கேட்டார்களாம்.
"வருவாங்க. மொதல் பாட்டே அவுங்கதான்" என்று சொல்லிவிட்டு, டீ போடப் போனார்.