கதவோரம் வைத்த பெட்டி

மார்ச் 9, ஞாயிறு

வேலை விஷயமாகச் சென்னைக்கு வந்த மகள் என்னையும் அழைத்து வந்தாள். ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய ஓட்டலில் அறை. எங்கள் ஊர் பொம்மிடிக்கு வண்டி நாளைக் காலையில்தான். சாப்பிட்டு வந்ததுமே பெட்டியை அடுக்கிக் கதவோரம் வைத்துவிட்டேன்.

மகள் சிரித்தாள். "ஏம்மா, இந்த ரூமு என்ன ரெண்டு நிமிசத்துல கெளம்பிருமா? அப்படியே அப்பா மாதிரி பண்றீங்க."

அவர் அப்படித்தான். ஊர் திரும்பும்போது, முந்தின நிலையமான மொரப்பூர் வருவதற்குள் எங்களை எழுப்பி, பெட்டியோடு ரயில் கதவருகே நிறுத்திவிடுவார். "பொம்மிடில ரெண்டு நிமிசந்தான் நிக்கும், எந்திரிங்க." கால் கடுக்க நின்றுகொண்டு ஒவ்வொரு முறையும் அவரைத் திட்டியிருக்கிறேன்.

அவர் போய் இரண்டு வருடமாகிறது.

மகள் தூங்கிவிட்டாள். காலையில் நாலு மணிக்கே எழுப்பப் போகிறேன். திட்டுவாள். திட்டட்டும்.