சம்பள நாள் பூந்தி

2008 ஜூன் 28, சனி

காலையிலேயே அனல். கம்பெனியில் சூளைப் பக்கம் போக முடியவில்லை. வாங்க வேண்டியது: புளி, கொசுவத்தி, சின்னவனுக்குச் செருப்பு.

அரசாங்கப் பயிற்சித் திட்டத்தில் நாலு பெண்கள் வந்து மாசம் ஆகப்போகிறது. ஆறு மாசம், சம்பளம் கிடையாது. பயிற்சியாம்! முதல் வாரமே கையில் ஸ்பாஞ்சைக் கொடுத்து, சூளைக்குப் போகாத பீங்கான் பியூஸ் கேரியரில் ஓரத்துப் பிசிறு தேய்க்க உட்கார வைத்தாச்சு. உட்கார்ந்தது சரோஜா இடத்தில். சரோஜா தினக்கூலி. வாரத்துக்கு மூணு நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார் மேனேஜர். கேட்க நாதியில்லை என்ற நினைப்பு. சங்கச் செயலாளர் என்று நான் எதற்கு இருக்கிறேன்?

கேட்டேன். "கவர்மெண்டே ஓசியில ஆள் அனுப்புது. வேணாம்னு சொல்லணுமாம்மா?" என்கிறார்.

ஜூலை 2, புதன்

தூறல். டீக்கடைக்குப் பின்னால் சங்கக் கூட்டம். தொழிலாளர் அதிகாரிக்கு மனு: பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் சம்பளம் கொடு, யாரையும் நிறுத்தாதே. அவ்வளவுதான்.

சரோஜா கையெழுத்துப் போடவில்லை. "என் சோத்துல மண்ணப் போட வந்தவளுங்களுக்கு நான் சம்பளம் கேக்கணுமாக்கா? வூட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க."

"அவளுங்க ஓசின்னுதாண்டி உன்னை வேணாங்கறாங்க. அவளுங்களுக்கும் கூலி குடுக்கணும்னா உன்னை எதுக்கு நிறுத்தப் போறாங்க?" என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

நான் வேலை கத்துக்க வந்த நாட்கள் ஞாபகம். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே. பாதிச் சம்பளம், ஆனால் சம்பளம். "கத்துக்கிறப்பவும் வயிறு இருக்குதுல்ல?" என்று முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கித் தந்தது அப்போதைய செயலாளர் பக்கிரி அண்ணன். புதுசாக வந்தவர்கள் முதல் சம்பளத்துக்கு ஷெட்டுக்கே பூந்தி வாங்கித் தரணும். அதைத் தின்ற பிறகுதான் நம்ம ஆளு என்பார்கள். வெள்ளை மண் ஒட்டின கையால் எல்லாரும் அள்ளி, பல்லில் நறநற. என்ன சிரிப்பு அந்த ஷெட்டில்! அண்ணனும் போய்ச் சேர்ந்தார். அந்த ருசி அப்புறம் எந்தக் கடையிலும் இல்லை.

ஜூலை 7, திங்கள்

சம்பள நாள். மறுபடி வெயில். வரிசையில், பயிற்சிக்கு வந்த நாலு பேரில் சின்னவள், வேப்பூர் கவிதா. கையில் மஞ்சள் பை. மாசம் முடிந்தால் கூலி வரும் என்று நினைத்திருக்கிறது. ஆபீஸில் சொல்லவில்லை. நாங்களும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசவில்லை.

"உனக்கேதும்மா சம்பளம்? பயிற்சிதானே" என்றார் காசாளர். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பையில் பூந்தி. ஷெட்டு வழக்கத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள், கடையில் கடன் சொல்லி வாங்கியிருக்கிறாள். "எடுத்துக்குங்கக்கா" என்று நீட்டினாள். கண்ணெல்லாம் தண்ணி. யாருக்கும் கை வரவில்லை.

சரோஜா வந்தாள். இத்தனை நாளில் கவிதாவோடு ஒரு வார்த்தை பேசாதவள். பொட்டலத்தை வாங்கினாள். தின்னப்போகிறாள் என்று நினைத்தேன். நேரே மேனேஜர் ரூமுக்குப் போய் மேஜைமேல் வைத்தாள்.

"இந்தப் பொண்ணு சம்பளம் வாங்கட்டும் சார். அப்புறம் திங்கறோம். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

வெளியே வந்து என்னிடம், "எங்கக்கா அந்த மனு?"

பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள் பேரை.

ஜூலை 8, செவ்வாய்

புளி இன்னும் வாங்கவில்லை.

மேனேஜர் மேஜையில் எறும்புச் சாரை. தூக்கிப் போட அவருக்குத் துணிச்சல் இல்லை. மத்தியானம் பேச வரச் சொல்லி ஆள் அனுப்பினார். சரோஜாவுக்கு இன்றைக்கு வேலை இல்லாத நாள், ஆனாலும் வந்திருந்தாள். கவிதாவையும் கூப்பிட்டாள்.

கவிதா கதவுகிட்டயே நின்றுவிட்டாள். "நான் சங்கத்து ஆள் இல்லியேக்கா. பூந்தியே இன்னும் யாரும் திங்கலியே."

"அது கெடக்குது. நீ வாடி" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள் சரோஜா.